முதலில் கோர்ட்டுக்குத் துணைக்குப் போங்கள்: வீட்டில் அடிபடும் பெண்களுக்காக ஊரில் ஓர் அமைப்பைத் தொடங்கி வளர்ப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியின் மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் ஒரு பெண் மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதுகாப்பு ஆணை, அதாவது அடிக்கிறவன் இனி அவளைத் துன்புறுத்தக் கூடாது என்று கோர்ட் போடும் ஆணை, அதைக் கேட்கும் படிவம். நடந்ததை விவரமாக எழுதச் சொல்லி விட்டிருந்த இடத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: 'என் கணவர் என்னைச் சரியாக நடத்துவதில்லை.' மீதி எல்லாம் காலி. டர்பனில் ஜனவரி என்றால் உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துக் கொட்டும். அவளோ மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

அவள் மகன் என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தான். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று கேட்டதால் கூட வந்திருந்தேன், அவ்வளவுதான். "சரியாக நடத்துவதில்லை என்றால் என்னம்மா?" என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இடது கைச் சட்டையை முழங்கை வரை ஏற்றினாள். இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. "இதை எழுது" என்றேன். "இதையெல்லாமா எழுதுவாங்க டீச்சர்?" என்றாள்.

அது 2007. அன்றைக்கு அந்தப் படிவத்தை நிரப்பி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் கும்பகோணத்திலிருந்து 1997இல் கல்யாணமாகி இங்கே வந்தவள். சட்டம் படித்ததில்லை, சமூகப் பணியும் படித்ததில்லை. இன்று எங்களிடம் ஓர் அறை, இரண்டு போன், சம்பளத்துக்கு ஒரு சமூகப் பணியாளர், பதினொரு தொண்டர்கள் இருக்கிறார்கள். டர்பனின் இன்னொரு பகுதியான பீனிக்ஸிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும்கூட யாராவது கேட்கிறார்கள், "எங்க ஊரிலும் ஆரம்பிக்கணும் அக்கா, இடத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று. இடத்திலிருந்து தொடங்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். ஒரு பெண்ணோடு கோர்ட்டுக்குத் துணைக்குப் போங்கள். அடுத்த வாரம் இன்னொருத்தியோடு போங்கள். ஒரு வருஷம் அதையே செய்யுங்கள். உங்கள் ஊருக்கு என்ன தேவை என்று அந்த வராந்தாவிலேயே தெரிந்துவிடும்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியது

தென்னாப்பிரிக்காவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1998இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1999 டிசம்பர் 15 முதல். 2021இல் அதைத் திருத்தினார்கள், திருத்தம் 2023 ஏப்ரல் 14 முதல் நடப்பில் இருக்கிறது. வேறு நாட்டில் இருப்பவர்கள் உங்கள் நாட்டுச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். எடுத்துப் படிப்பது என்றால் யாரோ சொன்னதைக் கேட்பது இல்லை, அச்சடித்துப் பேனாவால் கோடு போட்டுப் படிப்பது.

எங்கள் பெண்களுக்கு இதில் ரொம்பத் தேவையாக இருந்தவை சில. ஒன்று, பாதுகாப்பு ஆணை கேட்கக் கல்யாணப் பத்திரம் தேவையில்லை. இங்கே பல தமிழ்க் குடும்பங்களில் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்திருக்க மாட்டார்கள். "நீ என் சட்டப்படி மனைவியே இல்லை, எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் ஒன்றும் நடக்காது" என்று அவன் சொல்லிச் சொல்லி அவளும் நம்பிவிடுவாள். இந்தச் சட்டத்தில் எந்த மதப்படி, எந்த வழக்கப்படி கல்யாணம் ஆகியிருந்தாலும் செல்லும். சேர்ந்து வாழ்ந்தவர்கள், நிச்சயம் ஆனவர்கள், காதலித்தவர்கள், ஒரே வீட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாரும் அடக்கம். மாமியார் மேல் மருமகளும் கேட்கலாம், மகன் மேல் தாயும் கேட்கலாம்.

இரண்டு, இதற்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. மூன்று, அடி மட்டும் வன்முறை இல்லை. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டில் பூட்டி வைப்பது, போனை எடுத்து யாரிடம் பேசினாய் என்று தினம் பார்ப்பது, அம்மாவைப் பார்க்க விடாமல் தடுப்பது எல்லாம் வரும். திருத்தத்துக்குப் பிறகு ஒருவரை முழுக்கத் தன் பிடிக்குள் வைத்து ஆட்டுவிப்பதும், வயதானவர்களைக் கொடுமைப்படுத்துவதும், பிள்ளைகள் பார்க்கும்படி இதையெல்லாம் செய்வதும் தனித்தனியாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. நான்கு, குடியுரிமை இல்லாதவர்களும் கேட்கலாம். ஊரிலிருந்து கல்யாணமாகி வரும் பெண்களுக்கு இதை நான் மூன்று தடவை சொல்வேன். பாஸ்போர்ட்டை அவன் ஒளித்து வைத்திருந்தால், அவளுடைய சாமான்களை எடுத்துவரப் போலீஸ் கூட வரவேண்டும் என்று கோர்ட்டிடம் கேட்கலாம்.

முதலில் கிடைப்பது இடைக்கால ஆணை. அதோடு ஒரு கைது வாரண்டும் சேர்ந்து வரும், அவன் ஆணையை மீறும் வரை அது தூங்கும். மீறினால் வாரண்டோடு போலீஸுக்குப் போகலாம். குற்றம் நிரூபணமானால் ஐந்து வருஷம் வரை சிறை. ஆனால் ஆணை அவள் கைப்பையில் கிடந்தால் போதாது, அவனுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தெரிவித்தாகிவிட்டதா என்று கிளார்க்கிடமும் போலீஸிடமும் விடாமல் கேட்பது தொண்டர் வேலை. அடிபட்டவளையே அலைய விடாதீர்கள்.

அப்புறம் கோர்ட் ஒரு தேதி கொடுக்கும், அன்றைக்கு இரண்டு பேரும் வரவேண்டும். இடையில் இருக்கும் நாட்கள்தான் இருப்பதிலேயே ஆபத்தானவை. சொந்தக்காரர்கள் வருவார்கள், பெரியவர்கள் வருவார்கள், ஒரு தட்டில் பழம் வைத்துச் சமாதானம் பேசுவார்கள். எங்களிடம் வந்தவர்களில் நிறையப் பேர் அந்தத் தேதிக்கு வராமல் போனார்கள். ஆரம்பத்தில் எனக்குக் கோபமாக இருக்கும். பிறகுதான் புரிந்தது, அந்த நாட்களில் நாங்கள் யாரும் அவள் பக்கத்தில் இல்லை, அவன் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். இப்போது தேதி வரும் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு தொண்டர் பேசுவார். தேதி அன்று காலை அவள் வீட்டு முனைக்கே கார் போகும்.

படிவத்தை நிரப்பக் கற்றுக்கொள்ளுங்கள்

எங்கள் அமைப்பு உருப்படியாகச் செய்த வேலை எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஹாம்பர் கொடுக்க, போர்வை கொடுக்க ஊரில் பத்து அமைப்புகள் உண்டு. அடிபட்ட பெண்ணின் வாயிலிருந்து வருவதை மாஜிஸ்திரேட் படிக்கும்படி தாளில் இறக்க ஆள் இல்லை.

மூன்று சம்பவம் கேளுங்கள்: முதல் முறை, மிக மோசமான முறை, கடைசி முறை. கடைசி முறையிலிருந்து ஆரம்பித்தால் அவளுக்குச் சொல்ல எளிது. எதை வைத்து அடித்தான், உடம்பில் எங்கே பட்டது, அப்போது என்ன சொன்னான், யார் காதில் விழுந்தது, பிள்ளைகள் எந்த அறையில் இருந்தார்கள். அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், கெட்ட வார்த்தை என்றாலும். "திட்டினான்" என்று எழுதினால் அது ஒன்றுமில்லாமல் போய்விடும். "மேரியன்ஹில் ரோட்டில் வீசிவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும் என்றான்" என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

தேதி கேட்டால் யாருக்கும் தேதி நினைவிருக்காது. "காவடிக்கு மறுநாள்" என்பார்கள். "புரட்டாசி விரதம் முடித்து மீன் வாங்கிய அன்று", "இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஈஸ்டருக்குப் போய் வந்த ராத்திரி" என்பார்கள். இதற்காகவே கடந்த ஆறு ஏழு வருஷத்துக் கோயில் நாட்காட்டிகளை அறையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். பக்கத்தைத் திருப்பி அந்தக் கிழமையைக் கண்டுபிடித்து, "அன்றைக்கு வியாழன், பையன் பள்ளிக்கூடம் போயிருந்தானா?" என்று கேட்டால் அவளுக்கு மெல்ல மெல்ல எல்லாம் நினைவுக்கு வரும். சில சமயம் அழுவாள். பேனாவை மூடி வைத்துவிட்டு டீ போடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

அவள் சொல்வதைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்போது கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எழுதி முடித்ததும் தமிழில் திரும்பச் சொல்லிக் காட்டி, சரியா என்று கேளுங்கள். நாட்டின் 1996 அரசியலமைப்பில் மதித்து வளர்க்கவேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழும் இருக்கிறது, ஆனால் தமிழ் இங்கே ஆட்சிமொழி இல்லை, மொழிபெயர்ப்பாளர் தானாக வந்து நிற்க மாட்டார். கிளார்க்கிடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். எட்டு வயதுப் பெண் குழந்தை, "அப்பா அம்மா தலையைச் சுவரில் மோதினார்" என்று ஒரு போலீஸ்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்வதை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போக ஒரு பெரியவர் எப்போதும் இருக்கும்படி ஏற்பாடு செய்தோம்.

ஒரு கேள்வியை எந்தத் தொண்டரும் மறக்கக் கூடாது: "கழுத்தைப் பிடித்தானா?" அவளாகச் சொல்ல மாட்டாள், அது அடி என்றே அவளுக்குத் தோன்றாது. ஆனால் கழுத்தை நெரித்தவன் ஒருநாள் கொன்றுவிடும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வெளியே தடம் இல்லாமலேயே உள்ளே காயம் இருக்கும். குரல் கம்மியிருந்தால், விழுங்க வலித்தால், கண்ணில் சிவப்புப் புள்ளி இருந்தால் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஆஸ்பத்திரி. அடுத்த கேள்வி, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா. இருந்தால் அதைப் படிவத்தில் எழுதிக் கைப்பற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பாலியல் வன்முறை என்றால் வழி வேறு. குளிக்க வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம் என்று சொல்லி நேரே துதுசேலா மையத்துக்கு, அதாவது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான அரசு உதவி மையத்துக்கு, அழைத்துப் போங்கள். சாட்ஸ்வொர்த்தில் அது ஆர்.கே. கான் மருத்துவமனையிலும், பீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் இருக்கிறது. டாக்டர், ஆலோசகர், வாக்குமூலம் எல்லாம் ஒரே இடத்தில். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெள்ளிக்கிழமை நடந்ததைத் திங்கள்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

போன்

மூன்று பெண்கள் சேர்ந்தால் ஒரு போன் வாங்கிவிடலாம். வாரத்தில் இரண்டு மத்தியானம் எடுப்போம் என்று சொல்லுங்கள், அந்த இரண்டு மத்தியானமும் தவறாமல் எடுங்கள். 24 மணி நேரமும் என்று போட்டுவிட்டு ராத்திரி அணைத்து வைப்பது பெரிய பாவம். நீங்கள் இல்லாத நேரத்துக்கு அரசின் இலவச எண்ணை எல்லாரிடமும் கொடுங்கள்: 0800 428 428, இரவு பகல் எந்நேரமும். போனில் ஏர்டைம், அதாவது பேசக் காசு, இல்லாதவர்கள் *120*7867# என்று அழுத்தினால் ஒரு சமூகப் பணியாளர் திருப்பி அழைப்பார். உயிருக்கு ஆபத்து என்றால் போலீஸ் எண் 10111.

நாங்கள் செய்த மிகப் பெரிய தவறு போனில்தான் நடந்தது. இரண்டாவது வருஷம். ஒரு பெண் அழைத்து, பாதியில் வைத்துவிட்டாள். கவலைப்பட்டுத் திருப்பி அழைத்தேன். அவன் எடுத்தான். நான் பயத்தில் வைத்துவிட்டேன். தெரியாத எண், எடுத்ததும் வைத்துவிட்டார்கள் என்றால் சந்தேகப்பட அவனுக்கு வேறு காரணம் வேண்டுமா? அன்றிரவு அவள் பட்டது என்னால். அடுத்த வாரம் அவள் சர்ச் பெண்மணி ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினாள், நானே கூப்பிடுகிறேன், நீங்கள் கூப்பிடாதீர்கள் என்று.

அதிலிருந்து விதி வைத்தோம். எடுத்ததும் முதல் கேள்வி, "இப்போது பேச முடியுமா?" இரண்டாவது, "லைன் போய்விட்டால் நாங்கள் கூப்பிடலாமா, எந்த நேரம்?" மூன்றாவது, "வேறு யாராவது எடுத்தால் நாங்கள் யார் என்று சொல்ல?" அவள் சொல்லும் பொய்யையே நாங்களும் சொல்வோம். தையல் கடை என்றால் தையல் கடை. அந்தப் பொய்யை நோட்டில் அவள் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பில் எழுதி வைப்போம்.

நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருத்திக்கு ஒரு பக்கம், மேலே எண் மட்டும். பெயரும் முகவரியும் வேறொரு நோட்டில், வேறொரு பூட்டில். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து கட்டாயமாகிவிட்டது, ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். தொண்டரின் நாத்தனார் வீட்டுக்காரன் தம்பிதான் அடிக்கிறவனாக இருப்பான். வாட்ஸப் குழுவில் ஒருத்தியைப் பற்றியும் எழுதக் கூடாது, பெயர் போடாமல்கூட.

இடம்

கோயில் கமிட்டி ஒரு அறை கொடுத்தது, மடப்பள்ளிக்குப் பக்கத்தில். வாடகை இல்லை, மின்சாரம் அவர்களுடையது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம். மூன்று மாதத்தில் நான்கு பேர்தான் வந்தார்கள். யாருக்கு வேண்டுமானாலும் தெரியும்படி இருந்தது அந்தக் கதவு. செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் நடந்தால் ஏன் நடக்கிறாள் என்று ஊருக்கே தெரியும்.

அப்புறம் ஒரு டாக்டர், தன் கிளினிக்கின் பின்பக்க அறையைக் கொடுத்தார். டாக்டர் வீட்டு வாசலுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அடிக்கிறவனே அவளைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே காத்திருந்ததும் உண்டு. கூட்டம் கூடியது அந்த அறைக்கு மாறிய பிறகுதான். ஆகவே எந்தக் கதவுக்குள் ஒரு பெண் காரணம் சொல்லாமல் நுழைய முடியும் என்று உங்கள் ஊரில் தேடுங்கள்.

கோயிலை விட்டுவிடாதீர்கள், அங்கே வேறு வேலை இருக்கிறது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பெண்கள் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்பார்கள், ஆண்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். பெண்கள் கழிவறைக் கதவின் உட்பக்கம் எண்ணைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்தெடுக்கும்படி ஒட்டி வைத்தோம். சாயங்காலம் பார்த்தால் பாதிக்கு மேல் துண்டுகளைக் காணோம்.

யாரைச் சேர்ப்பது

நல்ல மனசு போதாது. கொஞ்சம் பொறுத்துப் போ, பிள்ளைகள் முகத்தைப் பார் என்று சொல்லக்கூடியவர்களைப் போனில் உட்கார வைக்காதீர்கள். அதே மாதிரி, நாளைக்கே விட்டுவிட்டு வா என்று அதட்டுகிறவர்களையும் வேண்டாம். விட்டு வரும் சமயத்தில்தான் உயிர்ச்சேதம் நடக்கிறது. எப்போது கிளம்புவது என்று அவளுக்குத்தான் தெரியும், அவள்தான் அந்த வீட்டில் அவன் கார் சத்தத்தை வைத்தே மூடு என்ன என்று கண்டுபிடிக்கப் பழகியவள். அவள் திரும்பிப் போனாலும் கதவை மூடாதீர்கள். அந்த இஸ்திரிப் பெட்டிப் பெண் மூன்று முறை திரும்பிப் போனாள். நான்காவது முறை நாங்கள் எதுவும் கேட்காமல் டீ போட்டதால்தான் வந்தேன் என்று பின்னால் சொன்னாள்.

பிள்ளைகளோடு வேலை செய்யப்போகும் ஒவ்வொருவரின் பெயரும், பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களைக் குறித்து வைக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் இருக்கிறதா என்று அரசிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். கமிட்டித் தலைவரின் மனைவி என்றாலும் சரி. சமூகப் பணியாளரைச் சம்பளத்துக்கு வைக்கும்போது அவர் தொழில் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள்.

போலீஸோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்க முடியாது. ஒரு காவல் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை இரவு உதடு கிழிந்து நின்றவளை, "குடும்ப விஷயம், திங்கள்கிழமை கோர்ட்டுக்குப் போ" என்று அனுப்பினார்கள். அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. இப்போது சட்டத்தின் அந்தப் பக்கத்தை அச்சடித்துக் காரிலேயே வைத்திருக்கிறோம்: தங்க இடமும் மருத்துவமும் கிடைக்க உதவுவது, அவளுடைய உரிமைகளை எழுதிய தாளைக் கொடுப்பது போலீஸ் கடமை, அடித்தவன் அங்கேயே இருந்தால் வாரண்ட் இல்லாமலும் கைது செய்யலாம். பணிவாக நீட்டி, அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு, நிலையத் தலைவரைப் பார்க்கவேண்டும் என்று கேட்கச் சொல்லியிருக்கிறோம். பெரும்பாலும் அத்தோடு வேலை நடக்கும். பல நிலையங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனி அறை இருக்கிறது, அதில் தொண்டர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் இரண்டு பேர் அங்கே வாரம் ஒருநாள் உட்கார்ந்தால் போதும், உறவே மாறிவிடும்.

பதிவும் பணமும்

ஒன்றரை வருஷம் பதிவில்லாமல்தான் ஓட்டினோம். மூன்று பேர் சேர்ந்தால் தன்னார்வச் சங்கமாக, ஒரு விதித்தொகுப்பு எழுதி, சமூக மேம்பாட்டுத் துறையில் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதியலாம். 1997ஆம் வருஷத்துச் சட்டம், கட்டணம் இல்லை. ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து ஒன்பது மாதத்துக்குள் செயல் அறிக்கையும் கணக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு போய்விடும், நல்ல நல்ல அமைப்புகளுக்கு அப்படிப் போயிருக்கிறது. வரித்துறையிலும் பதிந்து 18ஏ ரசீது கொடுக்கும் அனுமதி வாங்கிவிட்டால் நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கும், கடைக்காரர்கள் முதலில் கேட்பதே அந்த ரசீதைத்தான். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது.

லாட்டரி ஆணையம், அரசுத் துறை, நிறுவனங்கள் எல்லாம் நிதி தருகின்றன, விண்ணப்பியுங்கள். ஆனால் வாக்குக் கொடுத்த பணத்தை நம்பி ஆளை வேலைக்கு வைக்காதீர்கள். எங்களுக்கு ஓரிடத்திலிருந்து வரவேண்டிய தவணை நான்கு மாதம் தாமதமானது. எங்கள் சமூகப் பணியாளர், அவளும் இரண்டு பிள்ளைகள் வைத்திருக்கும் தனித் தாய், சம்பளம் இல்லாமல் தினம் வந்து போனாள். அந்த நான்கு மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதிருந்து மூன்று மாதச் சம்பளம் கையில் சேர்ந்த பிறகுதான் புதிய ஆளைப் பற்றிப் பேசவே ஆரம்பிப்போம். நிலையான பணம் பெரிய இடத்திலிருந்து வருவதில்லை. மாதம் 50 ராண்ட் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்த நூற்றுச் சொச்சம் பேரிடமிருந்து வருகிறது. அதில் பாதி ஓய்வு பெற்ற ஆசிரியைகள்.

இல்லம்

வீட்டை விட்டு வரும் பெண்கள் தங்க ஓர் இல்லம் கட்ட எல்லாருக்கும் ஆசை. எனக்கும் இருந்தது. ஜோஹன்னஸ்பர்க்கில் 1979இலேயே தொடங்கிய 'பவா', லெனேசியாவில் 1994இல் வந்த 'நிசா', கேப்டவுன் மேனன்பர்க்கில் 1999இல் திறந்த சார்ட்ஜி பார்ட்மன் மையம் எல்லாம் இன்று பெரிய பெயர்கள். அவர்களைப் பார்த்துத்தான் நாங்களும் நிலம் தேடினோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரவுக் காவல், சமையல், பிள்ளைகளின் பள்ளி, காப்பீடு என்று எங்கள் முழு வருஷப் பணமும் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். ஆகவே ஏற்கெனவே இருக்கும் இல்லங்களோடு கை கோத்தோம். எந்த இல்லத்தில் எத்தனை படுக்கை காலி என்று திங்கள்தோறும் கேட்டு எழுதி வைப்போம். பல இல்லங்களில் வளர்ந்த ஆண் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்பதை முன்கூட்டியே தெரிந்து வையுங்கள். 13 வயது மகனை விட்டுவிட்டு வா என்றால் எந்தத் தாயும் வர மாட்டாள்.

தொண்டர் வீட்டில் யாரையும் தங்க வைக்காதீர்கள். அவன் தேடிக்கொண்டு வருவான், உங்கள் பிள்ளைகளும் ஆபத்தில் மாட்டும்.

ஆயாக்கள்

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இளம் மனைவிகளுக்காகத் தொடங்கிய போனில் எழுபது வயதுக் குரல்கள் வர ஆரம்பித்தன. சாட்ஸ்வொர்த்தை 'சுகர்ஸ்' என்ற போதைப்பொருள் பிடித்து ஆட்டுவது இந்நாட்டுத் தமிழர் எல்லாருக்கும் தெரியும். முதியோர் உதவித்தொகை வரும் நாள் அன்று பேரன் கூடவே போய் அட்டையை வாங்கிக்கொள்வான். கொடுக்காவிட்டால் தள்ளுவான். வீட்டுப் பித்தளைப் பாத்திரம், குத்துவிளக்கு, கடைசியில் தண்ணீர்க் குழாயைக்கூடக் கழற்றி விற்றுவிடுவான்.

"என் கையால சோறு ஊட்டுன புள்ளை, அவன் மேல எப்படிம்மா கேஸ் போடுவேன்?" என்று ஓர் ஆயா கேட்டார். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நான்காம் தலைமுறை, ஆனால் அழும்போது தமிழ்தான் வந்தது அவருக்கு. நான் வாதாடவில்லை. கேஸ் என்று சொல்லாமல், அவன் ஆயா அட்டையைத் தொடக் கூடாது, குடித்துவிட்டோ போதையிலோ வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஒரு தாள் வாங்கலாம் என்றேன். பாதுகாப்பு ஆணையில் இப்படிக் குறிப்பாகவே கேட்கலாம். வீட்டை விட்டே அனுப்பச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அதற்கு ஆயா சம்மதித்தார். முதியவர்களோடு பேசும்போது அவன் திருந்த வேண்டும் என்ற அவர்கள் ஆசையையும் மதித்துப் பேசுங்கள். போதை மறுவாழ்வு மையத்தின் எண்ணையும் கூடவே கொடுங்கள்.

நீங்கள் இல்லாத நாள்

2023இல் எனக்கு முழங்காலில் அறுவை. ஆறு வாரம் படுக்கை. அதுவரை கோர்ட் கிளார்க்கை எனக்குத்தான் தெரியும், இல்லத்து வார்டனை எனக்குத்தான் தெரியும், நாட்காட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்பதுகூட என் தலைக்குள்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் பத்து நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். யாரை எப்போது கூப்பிடுவது, எந்தக் கதவு வழியாகப் போவது, எந்த டாக்ஸிக்காரரை நம்பலாம். நீங்கள் முதல் வருஷமே எழுதி வையுங்கள்.

திரும்பி வந்தபோது நோட்டில் மூன்று புதிய கையெழுத்து இருந்தது. கிளம்பும் பைக்கான பட்டியல் ஒன்று சுவரில் எப்போதும் இருக்கும்: அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மருந்து, கொஞ்சம் பணம், வீட்டுச் சாவி நகல், ஒரு செட் துணி. அதன் கீழே எங்கள் ஆட்களிலேயே சின்னவள், இருபத்திரண்டு வயது, பென்சிலால் சேர்த்திருந்தாள்: 'நாளைய பள்ளிச் சீருடை, போன் சார்ஜர்.' கேட்டேன். ராத்திரி வீட்டை விட்டு வந்த ஒரு பையன், காலையில் சீருடை இல்லாமல் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதானாம். பென்சில் எழுத்தின் மேல் நான் பேனாவால் எழுதினேன்.